விட்டவர்களுக்கு நாற்காலி இல்லை

நெவெனா ஒன்பது வருடமாக வேப் என்கிற மின்சிகரெட்டை ஊதிக்கொண்டிருந்தாள். அதை விடச் சொல்லி வீட்டில் யாரும் அவளை நச்சரித்ததில்லை. நச்சரிப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

ரூசே நகரத் தண்ணீர் வாரியத்தில் புகார்த் தொலைபேசியை எடுப்பது அவள் வேலை. குழாயில் தண்ணீர் வராதவர்களும், வந்த தண்ணீரை நிறுத்த முடியாதவர்களும் காலையிலிருந்து அவளைத் திட்டுவார்கள். ஒரு நாளில் அவளோடு பேசுகிறவர்கள் எல்லாரும் கோபத்தில் இருப்பவர்கள். ஐந்து மணிக்கு மேல் அவர்களும் பேசுவதில்லை. நான்காவது மாடி வீட்டுக்கு வந்து, பால்கனியில் நின்று, டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி செர்ரி வாசனையில் ஒரு இழுப்பு இழுத்து விடுவாள். வெள்ளையாக ஒரு மேகம் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டுப் போகும். கணவன் தோதோர் பிரிந்துபோன வருடத்தில் அவள் சிகரெட்டை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டாள். இதையும் விட்டால் சிகரெட் திரும்ப வந்துவிடும் என்று பயம் இருந்தது. தோதோர் திரும்ப வந்துவிடுவான் என்ற பயம் இல்லை.

அந்த வசந்தகாலத்தில் தங்கை ராலித்சா போன் செய்தாள். இருபது வருடமாக ஸ்பெயினில், யார் யாருடைய பெற்றோரையோ குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருப்பவள்.

“போதும்க்கா. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. இலை உதிர ஆரம்பிச்சதும் கிளம்பி உன்கூடவே வந்து இருந்துடறேன்.”

“சின்ன ரூம் சும்மாதான்டி கிடக்கு” என்றாள் நெவெனா.

“ஆனா ஒண்ணு. எனக்கு வீசிங் இருக்கு. உன் செர்ரிப் புகை ஆகாது.”

“அது புகை இல்லடி. ஆவி.”

“ஆவி குடியிருக்கிற வீட்டுல நான் குடியிருக்க மாட்டேன்க்கா.”

மறுநாளே நெவெனா மையத்தைத் தேடிப் போனாள்.

மையத்தின் முழுப்பெயர், ‘மின்சிகரெட் சார்புநிலை மீட்பு, கூர்நோக்கு, ஆய்வு மற்றும் பிரியாவிடைக்கான மாவட்ட மையம்’. பழைய அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் பகுதியைக் காலி செய்து, ஐரோப்பிய நிதியில் திறந்திருந்தார்கள். பெயர்ப்பலகை சுவரைவிட நீளமாக வந்துவிட்டதால் மூலையில் மடித்துப் பக்கச் சுவரிலும் தொடர விட்டிருந்தார்கள். முன்பக்கமிருந்து பார்த்தால் ‘மின்சிகரெட்’ என்ற சொல் மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு ஒருவராவது உள்ளே வந்து, புதினா வாசனையில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். ஊரில் அதற்கு ஆவி ஆபீஸ் என்று பெயர்.

வாசலில் உட்கார்ந்திருந்த காவலாளி ஸ்தாமென் அவளையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டார். “இங்க விக்கிறதில்லைம்மா. பாலத்துக்குப் பக்கத்துல போங்க.”

“விடுறதுக்கு வந்திருக்கேன்.”

ஸ்தாமென் எழுந்து நின்றுவிட்டார். “டாக்டர்! டாக்டர்! ஒருத்தங்க வந்திருக்காங்க!”

டாக்டர் பந்தெலேயெவ் மையத்தின் இயக்குநர், நுரையீரல் நிபுணர். ‘புகைக்கக் கூடாது’ என்ற அறிவிப்புக்குக் கீழே உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு, “எதிரியைக் கிட்ட இருந்து படிக்கணும்” என்றார். பக்கத்து மேசையில் மனநல ஆலோசகர் தெசிஸ்லாவா கணினியைத் திறந்தாள். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். வழிகாட்டி நூலைப் பார்க்காமல் வணக்கம்கூடச் சொல்லமாட்டாள்.

“சிகரெட் பிடிக்கிறீங்களா மேடம்?”

“இல்ல. விட்டு ஒன்பது வருஷம் ஆகுது.”

“அப்ப நீங்க குணமாயிட்டீங்க. வாழ்த்துக்கள்.”

“வேப் ஊதறேனே. அதைத்தான் விடணும்.”

தெசிஸ்லாவா டாக்டரைப் பார்த்தாள். “டாக்டர், கணினி ஏத்துக்க மாட்டேங்குது. சிகரெட் பிடிக்கிறவரான்னு கேக்குது. இல்லைன்னு போட்டா, ‘ஆரோக்கியமானவர், வீட்டுக்கு அனுப்பவும்’னு வருது.”

டாக்டர் புகையை மேலே விட்டு யோசித்தார். “சட்டத்துல வேப் தனியா இல்லம்மா. புகையிலை இல்லாத புகையிலைப் பொருள்னுதான் இருக்கு. அதனால அதை விடணும்னா முதல்ல நீங்க புகைக்கிறவரா இருக்கணும். ஒண்ணு பண்ணுங்க. ஒரு மூணு மாசம் சிகரெட் பிடிச்சிட்டு வாங்க.”

“சிகரெட்டை விடறதுக்குத்தானே டாக்டர் இதை ஆரம்பிச்சேன்!”

“அது உங்க சொந்த முடிவு. அரசாங்கத்தைக் கேட்டா பண்ணீங்க?”

நெவெனா கிளம்ப எழுந்தாள். அப்போதுதான் டாக்டருக்கு அறையில் எத்தனை நாற்காலிகள் காலியாக இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இருங்கள் என்று கையைக் காட்டி, தெசிஸ்லாவாவிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவள் தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது. ‘சிகரெட் பிடிப்பதைத் தற்காலிகமாக ஒன்பது ஆண்டுகள் நிறுத்தி வைத்திருப்பவர்’ என்று நெவெனா மையத்தில் சேர்க்கப்பட்டாள்.

கூட்டம் செவ்வாய்தோறும் மாலை ஐந்தரைக்கு. பன்னிரண்டு நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. அவளைச் சேர்த்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மீதி எட்டு நாற்காலிகளில் மற்றவர்கள் கோட்டு வைத்துக்கொண்டார்கள். அறிக்கையில் அந்த எட்டுக்கும் பெயர் இருந்தது.

உண்மையான மூவரில் மூத்தவர் திமோ; துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உடம்பு, சின்னக் குரல். வியொலேத்தா என்ற சிகை அலங்காரக்காரிக்கு வேலையெல்லாம் பேசிக்கொண்டே இருப்பது. ஆனால் எல்லாம் அடுத்தவர் கதை. பொஜிதார் என்ற இளைஞன் வீட்டிலிருந்தே வேறொரு நாட்டுக் கம்பெனிக்குக் கணினியில் வேலை செய்தான். வாரத்தில் அவன் செருப்பு மாட்டுவதே செவ்வாய்க்கிழமைதான் என்று வியொலேத்தா சொன்னாள். அவன் மறுக்கவில்லை.

கூட்டம் மன்னிப்புச் சடங்கோடு தொடங்கும். மேசை நடுவில் பிளாஸ்டிக்கில் செய்த நுரையீரல் ஒன்று இருந்தது. இடது பக்கம் மருத்துவமனை இடம் மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டதால், வலது பக்கத்திடம் மட்டும் ஒவ்வொருவராகப் போய்க் கையை வைத்து, “என் நுரையீரலே, நான் உனக்குச் செய்ததை அறிவேன்” என்று சொல்ல வேண்டும்.

“இடது பக்கத்துக்கிட்ட எப்பம்மா மன்னிப்புக் கேக்குறது?” என்று வியொலேத்தா கேட்டாள்.

“அதுக்கு வாங்கச் சொல்லி எழுதியிருக்கோம்” என்றாள் தெசிஸ்லாவா. “வந்ததும் சேத்துக் கேட்டுக்கலாம்.”

அடுத்தது பிரியாவிடைப் பயிற்சி. அவரவர் வேப்பை எதிர் நாற்காலியில் வைத்து, அதோடு மனம்விட்டுப் பேச வேண்டும். முதல் நாள் நெவெனாவுக்கு என்ன பேசுவதென்றே தெரியவில்லை. சிவப்பு நிறத்தில் தன் பாட்டுக்குப் படுத்திருந்த அந்தச் சின்னக் குழாயைப் பார்த்து, “சார்ஜ் இருக்கா?” என்று கேட்டாள். தெசிஸ்லாவா அதைக் குறித்துக்கொண்டாள். பொஜிதார் தன்னுடையதிடம் வாயே திறக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தான். ‘ஆழ்ந்த உரையாடல்’ என்று பதிவானது. திமோதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். முன்னால் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்தது என்று இரண்டு முறை சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை.

இதில் எதுவும் வேப்பை விட உதவியதாக நெவெனாவுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போய் ஊதத்தான் செய்தாள். ஆனால் வியொலேத்தா ஒரு செவ்வாய்க்கிழமை குடுவையில் லிண்டன் பூத் தேநீர் கொண்டுவந்தாள். அடுத்த வாரம் நெவெனா பாலாடைக்கட்டி வைத்துப் பனித்சா என்கிற அடுக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனாள். ஒரு ஆளுக்குப் பனித்சா சுட முடியாது, தட்டே பெரியது. தோதோர் போன பிறகு அவள் அந்தத் தட்டை எடுத்ததே இல்லை. திமோ மூன்று துண்டு தின்றுவிட்டு, நாலாவதை எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டார். திங்கட்கிழமை மாலைகளில் மாவு பிசைவது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

கோடையின் கடைசியில், மையத்துக்கு இரண்டு வாரம் விடுமுறை விட்டிருந்தபோது, தங்கைக்காகச் சின்ன அறைக்கு வெள்ளையடிக்கத் தொடங்கினாள். வெள்ளை என்பது பேச்சுக்குத்தான். ராலித்சாவுக்குப் பிடித்த மஞ்சள். சுவரில் ஒட்டியிருந்த பழைய காகிதத்தைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, ஏணியில் நின்று ஒற்றை ஆளாக அடித்தாள். கை நிறையச் சாயம். அன்று ஊதவில்லை. மறுநாள் வேப்பில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரிமேல் வைத்தாள். அதற்கு அடுத்த வாரம் அலமாரியைத் துடைக்கும்போதுதான் அது அங்கே இருப்பதைப் பார்த்தாள். இடையில் ஒரு வாரம் அதை நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. ஒன்பது வருடப் பழக்கம், சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போயிருந்தது.

மையம் திறந்ததும் மகிழ்ச்சியோடு டாக்டரிடம் ஓடினாள். “டாக்டர், விட்டுட்டேன்!”

டாக்டர் பந்தெலேயெவ் சிகரெட்டை அணைத்தார். அவர் அதை அணைத்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எப்ப?”

“ரெண்டு வாரம் இருக்கும்.”

“நாங்க ஏதாவது பண்ணிட்டோமா?”

“இல்ல டாக்டர். ரூமுக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தேன். மறந்து போச்சு.”

“மறந்து போச்சா!” டாக்டர் கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். “அம்மா, இது ஆறு வருஷத் திட்டம். முதல் ரெண்டு வருஷம் விட முடியாமை. அடுத்த ரெண்டு வருஷம் ஏன் முடியலைன்னு ஆய்வு. அதுக்கப்புறம்தான் விடறதுக்கு நிதியே வருது. நாம இப்ப முதல் வருஷத்துல இருக்கோம். நீங்க பாட்டுக்கு இப்படி விட்டுட்டு வந்து நின்னா மேல நான் என்ன பதில் சொல்றது? யாரைக் கேட்டு விட்டீங்க?”

“விடறதுக்குத்தானே இந்த மையம்?”

“விட முயற்சி பண்றதுக்கு. ரெண்டும் வேற வேற தலைப்பு.” அவர் குரல் தழதழத்தது. “இந்த மையத்துல எட்டு பேருக்கு வேலை கொடுத்திருக்கோம்மா. எல்லாருக்கும் குடும்பம் இருக்கு. நோயாளிங்க நாலு பேரு. நாலு பேரை நம்பி எட்டுக் குடும்பம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

நெவெனா யோசித்துப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டது போலத்தான் இருந்தது. “சரி டாக்டர், நான் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்துடறேன்.”

“அது எப்படி முடியும்? விட்டவங்களுக்கு இங்க நாற்காலி இல்லை. விட்டவங்க பிரிவு தலைநகர் சோஃபியாவுல இருக்கு. ஒரு போன் நம்பர் தருவாங்க. தேவைப்பட்டா கூப்பிடலாம்.”

அந்த எண்ணை அவள் வீட்டுக்கு வந்ததும் அழைத்துப் பார்த்தாள். வெற்றி பெற்றதற்கு வாழ்த்துச் சொல்லி, எல்லா அதிகாரிகளும் வேறு வெற்றியாளர்களோடு பேசிக்கொண்டிருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொன்னது. பிறகு இசை. புகார்த் தொலைபேசியில் மற்றவர்களைக் காத்திருக்க வைத்தே பழகியவள். அந்த இசையைக் கேட்டபடி காய்கறி நறுக்கி முடித்தாள்.

அடுத்த செவ்வாயும் கை தானாகப் பனித்சா சுட்டுவிட்டது. கொண்டுபோனாள். ஸ்தாமென் வாசலில் கையை நீட்டி மறித்தார்.

“மன்னிச்சுக்கங்கம்மா. விட்டவங்களை உள்ள விடக்கூடாதுன்னு உத்தரவு. உங்களைப் பாத்தா நோயாளிங்களுக்கு ஆசை வந்துடுமாம்.”

“என்ன ஆசை?”

“விடணும்னுதான்.”

உள்ளேயிருந்து வியொலேத்தாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. என்ன கதை சொல்கிறாளோ. நெவெனா தட்டை ஸ்தாமெனிடம் கொடுத்தாள். “திமோ அண்ணனுக்கு ஓரத்துத் துண்டு கொடுங்க. அவருக்கு மொறுமொறுன்னு இருக்கணும்.” படியிறங்கி, ஆற்றங்கரை வழியாக வீட்டுக்கு நடந்தாள். பால்கனியில் நின்றாள். ஊதுவதற்கு எதுவும் இல்லாததால், அங்கே நிற்பதற்கும் காரணம் இல்லாமல் உள்ளே வந்தாள்.

இலைகள் உதிர்ந்தன. ராலித்சா போன் செய்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காத. இங்க ஒருத்தர் இருக்கார். மிகேல்னு. நான் பாத்துக்கிட்ட பெரியவரோட மகன். நல்ல மனுஷன்க்கா. இங்கயே இருந்துடேன்னு சொல்றார்.”

“நல்லதுதானேடி.”

“உனக்கு வருத்தம் இல்லையே?”

“எனக்கென்ன வருத்தம். சமைப்பாரா?”

“நல்லா சமைப்பார்” என்றாள் ராலித்சா. “நீ அந்தக் கருமத்தை விட்டுட்டியா?”

“விட்டுட்டேன்.”

“பாத்தியா! எப்படியோ ஒரு நல்லது நடந்துச்சு.”

மஞ்சள் அறையின் கதவைச் சாத்திவிட்டு நெவெனா படுத்தாள். அந்த வாரம் முழுக்க அவளோடு பேசியவர்கள் குழாய்ப் புகார்க்காரர்கள் மட்டும்தான். ஒரு கிழவர் வழக்கம்போல் கத்தி முடித்துவிட்டுப் போனை வைக்கப்போகும்போது, “இன்னும் ஏதாவது புகார் இருக்கா ஐயா?” என்று அவளே கேட்டாள். அவர் பயந்துபோய் வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மாலை அவள் சிவப்பு வேப்பைத் தேடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மையத்துக்குப் போனாள்.

“டாக்டர், மறுபடி ஆரம்பிச்சிட்டேன்.”

டாக்டர் எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியும்! உங்க மேல எனக்கு என்னைக்கும் நம்பிக்கை இருந்துச்சு!”

“மன்னிச்சுக்கங்க டாக்டர்.”

“மன்னிப்பா? மறுவீழ்ச்சிம்மா இது! இதுக்குத் தனி நிதி இருக்கு. ஒரு மறுவீழ்ச்சி ஒன்றரை நோயாளிக்குச் சமம். தெசிஸ்லாவா, அம்மாவுக்கு ஜன்னல் பக்கத்து நாற்காலியைப் போடு.”

நாற்காலி போடப்பட்டது. திமோ எழுந்து அவள் கோட்டை வாங்கி மாட்டினார். வியொலேத்தா தேநீர் ஊற்றிக்கொண்டே, “எங்க போயிட்ட நீ? உனக்குச் சொல்றதுக்குன்னு மூணு கல்யாணம், ஒரு விவாகரத்து வச்சிருக்கேன்” என்றாள். நெவெனா பிளாஸ்டிக் நுரையீரலில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டாள். விட்டுவிட்டு விடாதவள்போல் உட்கார்ந்திருப்பது உறுத்தத்தான் செய்தது. இந்த மூன்று பேரும் பாவம், உண்மையாகவே போராடுகிறார்கள். நடுவில் நான் ஒருத்தி ஏமாற்றுகிறேன் என்று நினைத்தாள். அதற்குப் பரிகாரமாக அடுத்த வாரப் பனித்சாவில் இன்னொரு முட்டை சேர்த்தாள்.

ஜனவரியில் சோஃபியாவிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. குழு என்பது பேராசிரியர் கோச்செவும், அவர் பேசுவதைப் படம்பிடிக்க ஒரு புகைப்படக்காரரும். நீண்டகாலமாக வேப் ஊதுகிறவர்கள் ஏன் விடுகிறார்கள், ஏன் விடுவதில்லை என்பதில் நாட்டிலேயே ஒரே வல்லுநர் அவர்தான். அவர் ஊதியதும் இல்லை, ஊதுகிறவர்களைப் பார்த்ததும் இல்லை. ஆய்வில் சார்பு வந்துவிடக்கூடாதென்று பதினொரு வருடமாக ஜாக்கிரதையாக இருந்தாராம்.

குழு வந்த அன்று ஆறு உறைந்து கிடந்தது. காதுமடல் உதிர்ந்துவிடும்போலக் குளிர். பேராசிரியர் நான்கு பேரையும் வரிசையாக உட்காரவைத்துப் பேசினார்.

“விடுகிறவர்கள் விடுகிறார்கள். விடாதவர்கள் விடுவதில்லை. இவ்வளவு தெளிவாக நாம் கண்டுபிடித்திருக்கிறோம். ஆனால் ஏன் என்று அவர்களிடமே கேட்க வேண்டும் எனச் சிலர் சொல்கிறார்கள். நான் அதை எதிர்க்கிறேன். நோயாளிக்குத் தன் நோயைப் பற்றிக் கருத்து இருக்கலாம். அறிவு இருக்க முடியாது. அவர்கள் பேசத் தொடங்கினால் தனிமை, பயம், அலுப்பு என்று என்னென்னவோ சொல்லி, புள்ளிவிவரத்தைக் கெடுத்துவிடுகிறார்கள்.”

டாக்டர் கைதட்டினார். தெசிஸ்லாவா வழிகாட்டி நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தானும் கைதட்டினாள்.

“இப்போது,” என்றார் பேராசிரியர், “இவர்கள் இயற்கையான சூழலில் ஊதுவதை நான் நேரில் பார்க்க வேண்டும். முற்றத்துக்கு வரச் சொல்லுங்கள்.”

நெவெனாவின் கைப்பையில் இருந்தது செத்துப்போன வேப். ஆகஸ்டுக்குப் பிறகு அது சார்ஜரைப் பார்த்ததில்லை. எல்லாரும் கோட்டை மாட்டிக்கொண்டு முற்றத்தின் பனியில் வரிசையாக நின்றார்கள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கினார். மாட்டிக்கொள்ளப் போகிறோம், டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது, எட்டுக் குடும்பம் என்று நினைத்தபடியே அவள் கைப்பையைத் திறந்தாள்.

“ஆரம்பிக்கலாம்!” என்றார் பேராசிரியர்.

நெவெனா வேப்பை உதட்டில் வைத்து வெறும் காற்றை இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூச்சை விட்டாள்.

“அற்புதம்!” என்ற குரல் கேட்டது.

கண்ணைத் திறந்தாள். அவள் முகத்துக்கு முன்னால் பெரிய வெள்ளை மேகம் மிதந்துகொண்டிருந்தது. குளிரில் வந்த மூச்சு. பக்கத்தில் வியொலேத்தா முன்னாலும் ஒரு மேகம். பொஜிதார், திமோ, எல்லார் முன்னாலும் மேகம். பேராசிரியர் வரிசையில் நடந்து நடந்து பார்த்தார். “என்ன அடர்த்தி! இவ்வளவு முற்றிய நிலையை நான் எங்கும் படித்ததில்லை. டாக்டர், உங்கள் மையத்தில் ஒருவர்கூடக் குணமாகவில்லை. பாராட்டுகிறேன்.”

“எல்லாம் நம்ம ஊழியர்களோட உழைப்பு” என்றார் டாக்டர். அவர் வாயிலிருந்தும் மேகம் வந்தது. பேராசிரியர் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு, கதவருகே சும்மா நின்ற ஸ்தாமெனின் மூக்கிலிருந்து வருவதையும் பார்த்தார். பார்வையாளர்களுக்கும் பரவுகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார். தன் முகத்துக்கு முன்னாலும் ஒன்று எழுவதைக் கண்டார். சால்வையை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டு அவசரமாகக் காரில் ஏறினார். மையத்தை மேலும் நான்கு வருடம் நீட்டிக்கப் பரிந்துரைப்பதாகச் சால்வைக்குள்ளிருந்து சொன்னார். கார் போனது. டாக்டரும் தெசிஸ்லாவாவும் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முற்றத்தில் நான்கு பேரும் அப்படியே நின்றார்கள். நெவெனா காற்றை முகர்ந்து பார்த்தாள். ஒன்பது வருடம் ஊதியவள் அவள். நான்கு பேர் ஊதிய இடத்தில் வாசனை என்று எதுவுமே இல்லை. செர்ரி இல்லை, புதினா இல்லை, வெறும் பனி. வியொலேத்தாவின் கையைப் பார்த்தாள். இழுக்கும்போது எரிய வேண்டிய சின்ன விளக்கு அவள் வேப்பிலும் எரிந்திருக்கவில்லை. வியொலேத்தாவும் இவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப விட்ட?” என்றாள் வியொலேத்தா.

“ஆகஸ்டுல. நீ?”

“ஈஸ்டருக்கே விட்டாச்சு. கடையில பொண்ணுங்களுக்குத் தலைவலி வருதுன்னாங்க.” அவள் திரும்பினாள். “டேய் பொஜிதார், நீயுமா?”

பொஜிதார் பனியைக் காலால் கிளறினான். “இங்க சேர்ந்த ரெண்டாவது வாரம். சொன்னா அனுப்பிடுவாங்கன்னு சொல்லலை. அனுப்பிட்டா வேற எங்க போறது?”

மூவரும் திமோவைப் பார்த்தார்கள். அவர் தன் வேப்பை இன்னும் உதட்டருகே பிடித்திருந்தார், தலைகீழாக. சார்ஜ் போடுகிற ஓட்டை வாய்ப்பக்கம் இருந்தது.

“திமோ அண்ணே,” என்றாள் நெவெனா மெதுவாக, “அந்தப் பக்கமா ஊதுவாங்க?”

பெரிய உடம்பு கொஞ்சம் சுருங்கியது. “நான் தொட்டதே இல்லம்மா. இங்க வட்டமா உக்காந்து பேசறாங்கன்னு கேள்விப்பட்டேன். கையில இது இருந்தாத்தான் உள்ள விடுவாங்கன்னு சொன்னாங்க. சந்தையில பழசா ஒண்ணு வாங்கிக்கிட்டேன்.” அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எந்தப் பக்கம்னு யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.”

வியொலேத்தா சிரிக்கத் தொடங்கினாள், பிறகு நிறுத்திக்கொண்டாள். நெவெனா அவர் கையிலிருந்து அதை வாங்கிச் சரியாகத் திருப்பிக் கொடுத்தாள். நான்கு பேரின் மூச்சும் முற்றத்தில் கலந்து மேலே போய்க்கொண்டிருந்தது.

ஜன்னல் திறந்தது. “உள்ள வாங்க, நேரமாச்சு!” என்று தெசிஸ்லாவா கூப்பிட்டாள்.

போய் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நீட்டிப்புக் கிடைத்த உற்சாகத்தில் டாக்டரும் வந்து ஓரமாக உட்கார்ந்து சிகரெட் பற்ற வைத்துக்கொண்டார். தெசிஸ்லாவா நூலைப் பிரித்தாள். “இன்னைக்கு மூத்த பங்கேற்பாளர்ல இருந்து ஆரம்பிக்கலாம். திமோ ஐயா, உங்களால ஏன் இதை விட முடியலைன்னு உங்க வார்த்தையிலயே சொல்லுங்க.”

திமோ எதிர் நாற்காலியைப் பார்த்தார். சொல்லாமல் விட்டுவிடுவார் என்று நெவெனா நினைத்தாள்.

“காலையிலதான் கஷ்டம்” என்றார் அவர். “கண்ணு முழிக்கிறதுக்கு முன்னாடியே கை எழுந்துடுது. பக்கத்துல தேடுது. தலகாணி மேல, போர்வைக்குள்ள. இல்லைன்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரிய மாட்டேங்குது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம் இல்லையா. காபி போட்டா ரெண்டு கோப்பை எடுத்து வச்சுடறேன். அப்புறம் ஒண்ணைத் திருப்பி உள்ள வைக்கணும். விடணும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. மகனும் சொல்றான். எப்படி விடறதுன்னு யாரும் சொல்லலை.”

வியொலேத்தா குடுவையின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பொஜிதார் தலை குனிந்திருந்தான்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் வேப் என்ற ஒன்று உலகத்திலேயே இல்லை என்பது தெசிஸ்லாவாவுக்கும் டாக்டருக்கும் தோன்றவில்லை. தெசிஸ்லாவா வேகமாகத் தட்டினாள்: ‘நிக்கோட்டின் சார்பு, மிகக் கடுமையானது. உடனடியாக விடுவிக்கும் வாய்ப்பு இல்லை. குறைந்தது நான்கு ஆண்டுகள், செவ்வாய்தோறும் வர வேண்டும்.’ எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

“சம்மதம்தானே ஐயா?” என்று டாக்டர் கேட்டார்.

“ரொம்ப நன்றி டாக்டர்” என்றார் திமோ.